அத்தைக்கு டிஸ்டர்ப் என்றார்கள்

நம் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். 'டிஸ்டர்ப்' என்ற சொல்லை நீங்கள் முதன்முதலில் எங்கே கேட்டீர்கள்? பள்ளிக்கூடத்தில் என்பீர்கள் சிலர். ரேடியோவில் நாடகம் போய்க்கொண்டிருக்கும்போது கொரகொரவென்று இரைச்சல் வந்து, வீட்டில் யாராவது பெட்டியின் தலையில் தட்டி அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பார்கள். இப்போது போனிலேயே அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. என் மகள் ஞாயிற்றுக்கிழமை மதியம் அதை அமுக்கிவிட்டுத்தான் படுக்கிறாள். அமுக்கிவிட்டால் பெற்ற தாய் கூப்பிட்டாலும் மணி அடிக்காது.

நான் அதைக் கேட்டது உப்பு மூட்டைகளுக்கு நடுவில். கேட்ட நாளிலிருந்து எனக்கு அந்தச் சொல்லைப் பிடிக்காது. ஏன் பிடிக்காது என்று சொல்வதற்குத்தான் இத்தனை பீடிகை.

எங்கள் ஊர் திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் வழியில் இருந்தது. அப்பாவுக்குக் கடை. உப்பு, புளி, மிளகாய் வத்தல், மல்லி. முன்பக்கம் கடை, நடுவில் வீடு, பின்கட்டில் சரக்குப் போடுகிற அறை. கடை வாசலில் உப்புக்கென்று ஒரு மரப்பெட்டி வெயிலிலும் மழையிலும் அங்கேயே கிடக்கும். அதில் கிடக்கும் சிரட்டையால் அள்ளிப் போடுவார்கள். மேகம் போட்டால் பெட்டியின் பலகை வியர்த்து ஓரத்தில் வெள்ளை பூக்கும், நாங்கள் போகிற போக்கில் அதை நக்கிவிட்டுப் போவோம். இன்றைக்கு யாராவது பிள்ளையை அப்படி விடுவோமா?

எனக்கு ஒன்பது வயது இருக்கும். மாசி மாதக் கடைசி, வத்தல் வந்து இறங்குகிற காலம். வீடு முழுக்க நெடி, ஆளாளுக்குத் தும்மல். அருப்புக்கோட்டையிலிருந்து வந்த மத்தியான பஸ்ஸில் அத்தை வந்து இறங்கினாள். அப்பாவின் ஒரே தங்கை. கட்டிக்கொடுத்து மூன்று வருசம் ஆகவில்லை. கூட அவளுடைய மாமியார். அத்தையின் டிரங்குப் பெட்டியும் வந்திருந்தது. கல்யாணத்துக்குக் கொடுத்தனுப்பிய பெட்டி திரும்பி வருவதென்றால் என்ன அர்த்தம் என்று அந்த வயதில் எனக்கே தெரியும்.

மாமியார் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நின்றபடியே அப்பாவிடம் சொன்னார்: "டாக்டர்ட்ட காட்டினோம். பிள்ளைக்கு மைண்டு டிஸ்டர்ப் ஆயிருக்குன்னுட்டாரு."

அப்பாவுக்கு இங்கிலீஷ் என்றால் லோடு, லோனு, ரேட்டு. அவ்வளவுதான். அவர் திரும்பக் கேட்டார். மாமியார் தன் நெற்றிப்பொட்டில் விரலை வைத்துக் காட்டினார். சரியானதும் கூட்டிப்போகிறோம் என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார். அத்தை உப்பு மூட்டையில் சாய்ந்து நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். எனக்குப் பயமாக இருந்தது. அவள் கண்ணில் அந்தச் சொல் தெரிகிறதா என்று தேடினேன்.

அன்று முதல் வீடே மாறிப்போனது. அரிவாள்மணை உத்தரத்துக்கு ஏறியது. கிணற்றடிக்கு அத்தை தனியாகப் போகக்கூடாது. அவளை ஒரு நிமிடம்கூடத் தனியே விடக்கூடாது என்று அப்பா என்னைக் காவலுக்கு வைத்தார். ஒன்பது வயதுப் பிள்ளையை! அத்தை இரண்டு கவளம் கூடச் சாப்பிட்டால் டிஸ்டர்ப். சாப்பிடாவிட்டால் டிஸ்டர்ப். உப்பு வாங்க வந்த பெண்கள் சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டே, தங்கச்சிக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அத்தை சிரித்தால் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். தெருப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் புதுப் பம்பரம் கிடைத்த மாதிரி. பால் கொடுக்காத ஆட்டுக்கும் டிஸ்டர்ப், கணக்கு வராத பையனுக்கும் டிஸ்டர்ப்.

இதில் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், நடந்தது என்ன என்று அத்தை முன்பே நல்ல தமிழில் சொல்லியிருந்தாள். அதற்கு முந்தைய தீபாவளிக்கு வந்தபோது, அடுப்படியில் அப்பாவையும் அம்மாவையும் வைத்துக்கொண்டு சொன்னாள். அவள் புருசன் வீட்டில் நூல் வியாபாரம். வீட்டோடு சேர்ந்து நூல் கட்டுகள் அடுக்கிய கிட்டங்கி ஒன்று உண்டு, ஜன்னல் கிடையாது. மாமாவுக்குக் கோபம் வந்தால் அவளை அதற்குள் விட்டுப் பூட்டிவிடுவார். ஒருமுறை பூட்டியதை மறந்து மதுரைக்குச் சரக்கெடுக்கப் போய்விட்டார். தாகத்தில் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது என்றாள். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பா அட்ஜஸ்ட் பண்ணிப் போகச் சொன்னார். அதுவும் இங்கிலீஷ்தான்.

மாசியில் மறுபடி பூட்டியிருக்கிறார்கள். இந்தத் தடவை அத்தை உள்ளே கிடந்த எடைக்கல்லை எடுத்துக் கதவுப் பலகை பிளக்கும்வரை இடித்துவிட்டாள். தெருவே கூடிவிட்டது. குடும்ப மானம் போயிற்று என்று அவளைத்தான் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள், பூட்டியவரை அல்ல.

நம் பேச்சில் இதற்கெல்லாம் சொல் இல்லாமலா போயிற்று? வழியில் வண்டி நின்றால் இடைஞ்சல். ஒருவன் வந்து நச்சரித்தால் தொந்தரவு. மனசு ஒரு நிலையில் இல்லையென்றால் கலக்கம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஆள் நிற்பான், யாரால் என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டலாம். இந்த இங்கிலீஷ் சொல் வந்து எல்லாவற்றையும் ஒரே கூடையைப் போட்டுக் கவிழ்த்துவிட்டது. பிள்ளைக்கு டிஸ்டர்ப் ஆயிருக்கு என்றார்களே, அவளை டிஸ்டர்ப் பண்ணியது யார் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. அவள் தமிழில் சொன்னபோது காது கொடுக்காத வீடு, இங்கிலீஷில் ஒரு சொல் வந்ததும் கை கட்டி நின்றது.

பங்குனி பிறந்தது. அம்மன் கோயில் பொங்கலுக்குக் காப்புக் கட்டினார்கள். எங்கள் தெருவுக்கு முளைப்பாரி வளர்க்கிற இடம் எங்கள் பின்கட்டு அறைதான். வத்தல் மூட்டைகளை வெளியேற்றிக் கழுவிவிட்டு, சன்னலைச் சாக்கால் மூடி இருட்டாக்குவார்கள். ஒவ்வொருத்தியும் தன் மண்சட்டியில் வைக்கோலும் எருத்தூளும் பரப்பி, ஊறவைத்த பயறு வகைகளைத் தூவி உள்ளே வைக்கவேண்டும். வெளிச்சம் படாமல் நாற்று வெளிறி நீளமாக வளரும். ஆண்கள் அந்த வாசலைத் தாண்டக்கூடாது. தெருவுக்கே மூத்த ஒரு பெரியம்மா விரதமிருந்து அறையைப் பார்த்துக்கொள்வார். ஆனால் அவரவர் சட்டிக்கு அவரவர்தான் தண்ணீர் தெளிக்கவேண்டும். எவள் சட்டி செழிக்கிறதோ அவள் வீடு செழிக்கும், எவள் சட்டி கருகுகிறதோ அவளிடம் ஏதோ குறை. இதை எங்கள் பக்கத்தில் யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள்.

அத்தையின் மாமியார் வீட்டிலிருந்து ஆள் வந்தது. அத்தையும் முளைப்பாரி போடட்டும், நன்றாக வந்தால் பொங்கலன்று வந்து கையோடு கூட்டிப்போகிறோம் என்று. அப்பாவுக்கு அவ்வளவு சந்தோசம். டாக்டர் சொன்னதை ஆத்தாளிடம் சரிபார்த்துக்கொள்ளலாம் அல்லவா? அத்தை சட்டியை வாங்கிப் பயறு தூவினாள்.

காலையிலும் சாயங்காலமும் நானும் அவளும் நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குப் போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவருவோம். வரும் வழியில் அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்துச் செம்புக்குள் எதையோ போடுவாள். உப்பு. திருஷ்டிக்குத்தான் உப்பைப் போடுகிறாள் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் எதற்கெடுத்தாலும் உப்பைச் சுற்றிப் போடுவதுதானே வழக்கம்! ஒருநாள் வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் கால் முள்ளை எடுக்கக் குனிந்த நேரத்தில் செம்பைத் தூக்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டேன். கடல் தண்ணீர் தோற்றது, அப்படிக் கரித்தது. துப்பக்கூடப் பயந்து விழுங்கினேன்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் போய், அத்தையின் செம்புத் தண்ணீர் கரிக்கிறது என்றேன். அம்மா புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. கோடையில் கிணறு கீழே போனால் தண்ணீர் கரிக்கத்தான் செய்யும், ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதே என்றாள். எனக்குச் சமாதானம் ஆகிவிட்டது. அம்மாவுக்கு அத்தை மேல் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. நாத்தனாருக்கும் மதினிக்கும் எல்லா வீட்டிலும் உள்ளதுதான்.

நாலைந்து நாளில் மற்றச் சட்டிகளில் நாற்று சாண் உயரம் நின்றது. அத்தையின் சட்டியில் விரல் உயரத்தில் கொஞ்சம் தலைநீட்டி, நுனி கருகி, சாய்ந்துகிடந்தது. பெரியம்மா அறையைவிட்டு வெளியே வந்து அப்பாவிடம் உதட்டைப் பிதுக்கினார்.

மத்தியானச் சாப்பாட்டின்போது அப்பா சொன்னார்: "சட்டி வரலைன்னா மாப்ள வீட்டுல கூட்டிட்டுப் போகமாட்டாக. பொங்கல் முடிஞ்ச மறுநாளே பிள்ளையக் கடக்கரைக் கோயில்ல கொண்டுபோயி விட்டுருவோம். கட்டிப்போட்டுத் தண்ணி தெளிச்சா தெளிஞ்சுரும்."

அந்த இடத்தின் பெயர் வேண்டாம். காலில் சங்கிலி மாட்டித் தூணோடு கட்டுவார்கள் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். எங்கள் தெருவிலிருந்து அப்படிப் போன ஒருவர் திரும்பி வரவில்லை. அத்தையின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. புருசன் வீட்டுக்குப் போகாமல் இருப்பதற்கு ஒரு வழி என்று நினைத்து அவள் செய்த காரியம், அவளைச் சங்கிலியிடம் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

மறுநாள் முந்தானையில் முடிச்சு இல்லை. என்னை இழுத்துக்கொண்டு கிணற்றுக்கு ஓடினாள். வெறும் தண்ணீர். காலை, மத்தியானம், சாயங்காலம் என்று ஊற்றிக்கொண்டே இருந்தாள். இருட்டறையில் அந்தச் சட்டியின் முன்னால் குத்தவைத்து, கருகிய நாற்றை நகத்தால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தாள். வளர்ந்துவிடு, வளர்ந்துவிடு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் காரணம் தெரியாமலே அழுகை வந்தது. உப்பு ஊறின எருவில் எந்தப் பயறு வளரும்? சட்டியில் தண்ணீர் தேங்கி, இருந்ததும் அழுகிப்போனது.

பொங்கலன்று வெயில் தாழ்ந்ததும் சட்டிகளை எடுத்து எங்கள் வாசலில் வரிசையாக வைத்தார்கள். அவ்வளவும் வெளிறிய மஞ்சளாக, காற்றில் ஆடிக்கொண்டு, பார்க்கவே கண் கூசியது. நடுவில் பொக்கைவாய் மாதிரி அத்தையின் சட்டி. அவள் மாமியாரும் மாமாவும் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்துவிட்டார்கள். மாமா வெள்ளைச் சட்டையில் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். மாமியார் சட்டியைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது பொய்யா என்கிற பார்வை.

வேன் சொல்லிவிட்டேன், காலையில் கோயிலுக்குக் கூட்டிப்போகிறோம் என்றார் அப்பா. நல்ல காரியம், தெளிந்ததும் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுங்கள் என்றார் மாமா. ஏதோ ரிப்பேருக்கு விட்ட சாமானைப் பற்றிப் பேசுகிற மாதிரிப் பேசிக்கொண்டார்கள். அத்தை இரண்டு எட்டுத் தள்ளி, கையில் சும்மாட்டோடு அந்தச் சட்டியின் முன்னால் நின்றாள். சட்டி தூக்குவதற்கு முன்னால் ஒரு கொட்டு அடிப்பார்கள். அது ஓய்ந்த நேரத்தில் அவள் பேசினாள். கத்தவில்லை. கடையில் விலை சொல்வது போலத்தான் சொன்னாள்.

"அண்ணே, எனக்கு ஒரு டிஸ்டர்பும் இல்ல. சட்டில உப்புத் தண்ணி ஊத்துனது நாந்தேன். அந்த வீட்டுக்குப் போகக்கூடாதுன்னு ஊத்துனேன். என்னையக் கிட்டங்கில வச்சுப் பூட்டுறாக. நான் போகமாட்டேன். கோயிலுக்கும் வரமாட்டேன்."

அவள் சொன்ன மற்றதெல்லாம் யார் காதில் விழுந்ததோ, உப்பு ஊற்றினேன் என்பது எல்லார் காதிலும் விழுந்தது. ஆத்தாளுக்கு வளர்க்கிற நாற்றில் உப்பு! பெரியம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். பின்னால் நின்ற ஆம்பிளைகள் முன்னுக்கு வந்தார்கள். அப்பா தோள் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, கையை ஓங்கிக்கொண்டு அவளைப் பார்த்து நடந்தார். அவர் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கொன்றுவிடுவார் என்றே நினைத்தேன்.

அப்போது என் தலைக்கு மேலே ஒரு குலவை கேட்டது.

தனிக் குலவை. கீறல் விழுந்த குரல், மூச்சு நடுவிலே உடைந்தது. திரும்பிப் பார்த்தால் அம்மா. கோயில் குளத்துக்கே அவ்வளவாகப் போகாதவள். கூட்டத்தில் குலவை போடச் சொன்னால் வெட்கப்பட்டுக்கொண்டு ஒதுங்குகிறவள். அந்த அம்மா நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டபடியே ஓடிப்போய், மஞ்சள் தண்ணீர்க் குடத்தை அத்தையின் காலில் கவிழ்த்தாள்.

"ஆத்தா வந்துட்டா" என்றாள்.

நாலு பெண்கள் சேர்ந்தார்கள். அப்புறம் தெருவே குலவை போட்டது. கொட்டுக்காரர் கொட்டைப் பிடித்தார். அத்தை தலையை ஆட்டி ஆட்டி, ஆத்தா இல்லை மதினி, நான்தான் பேசுகிறேன், நான்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் வாய் அசைவது பக்கத்தில் நின்ற எனக்குத்தான் தெரிந்தது. அவள் தலை ஆட்ட ஆட்டக் குலவை கூடியது. அப்பாவின் ஓங்கிய கை எப்போது கும்பிட்டது என்று தெரியவில்லை. மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டுத் தெருப் புழுதியில் விழுந்தார். அம்மா அத்தையின் காலைக் கட்டிக்கொண்டு, ஆத்தா, உன் பிள்ளையை நாங்கள் எங்கும் அனுப்பமாட்டோம், இந்த வாசலைத் தாண்டவிடமாட்டோம், கோபத்தை இறக்கு என்று ஊருக்கே கேட்கிற மாதிரி வேண்டினாள். அப்பாவும் ஆமாம் ஆமாம் என்று வேண்டினார். அத்தை அழுதாள். நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டார்கள்.

மாமியாரும் மாமாவும் அன்றைக்கே கடைசி பஸ்ஸில் போய்விட்டார்கள். அடுத்த வருசமே மாமாவுக்கு வேறு இடத்தில் பெண் கட்டினார்கள் என்று கேள்வி. வேனைத் திருப்பி அனுப்பினார்கள். ஆத்தா வந்த உடம்பில் யார் சங்கிலி மாட்டுவார்கள்? டிஸ்டர்ப் என்ற சொல்லை எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

அத்தை எங்கள் ஊரிலேயே இருந்தாள். அப்பா காலத்துக்குப் பிறகு உப்புக் கடையை அவள்தான் பார்த்தாள். பங்குனி தவறாமல் ஆட்கள் குறி கேட்க வருவார்கள். போங்கய்யா அங்கிட்டு என்று விரட்டுவாள். ஆத்தாளுக்குக் கோபம் ஜாஸ்தி என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் அம்மாவோடு அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைக்குப் பக்கத்தில் தனி அடுப்பு வைத்துக்கொண்டாள். நான் கல்யாணமாகிப் போய், பிள்ளை பெற்று வந்தபோது ஒருநாள் என்னிடம் மனசைத் திறந்தாள்: "வாழ்நாள்ல ஒரே ஒரு தடவ தெருவுல நின்னு வாயத் தெறந்தேன். உங்கம்மா குலவையப் போட்டு அமுக்கிட்டா. நான் சொன்னது ஒருத்தருக்கும் கேக்கல."

எனக்கும் அம்மா மேல் அந்த வருத்தம் இருந்தது. அம்மாவும் மற்றவர்களைப் போலத்தான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு வயதாகிப் படுத்த படுக்கையான பிறகுதான் கேட்டேன். அன்றைக்கு அத்தை சொன்னது உனக்குக் கேட்கவே இல்லையா, நிஜமாகவே ஆத்தா வந்ததாக நினைத்தாயா என்று.

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பழைய எகத்தாளம் இருந்தது.

"நீ வந்து தண்ணி கரிக்குதுன்னு சொன்ன அன்னைக்கே போயி அவ செம்ப நக்கிப் பாத்தேன்டி. அவ பேசுனதும் ஒரு வார்த்தை விடாமக் கேட்டுச்சு. கேட்டதுனாலதான் குலவை போட்டேன். உங்கப்பா ஓங்குன கைய வேற எத வச்சுத் தடுக்க?"

நான் உடனே எழுந்து முன்பக்கம் கடைக்குப் போனேன். அத்தை யாருக்கோ புளி நிறுத்துக்கொண்டிருந்தாள். வந்தவர் போகட்டும் என்று காத்திருந்து, அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். அத்தை தராசைக் கீழே வைத்தாள்.

"கேட்டுச்சாமா?" என்றாள்.

ஆமாம் என்றேன். ஒரு வார்த்தை விடாமலா என்று திரும்பக் கேட்டாள். அதற்கும் ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு இருந்தாள். பிறகு சாயங்கால வியாபார நேரத்தில், வாசலில் ஆள் நிற்க நிற்க, கடையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே அம்மா படுத்திருந்த அறையைப் பார்த்து நடந்தாள். நான் கல்லாவில் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்குக் கடை சாத்தும்வரை அவள் திரும்பி வரவில்லை.